பம்பலுக்குக் காசு வேண்டுமா?

"உங்க ஊர் யுனிவர்சிட்டி பசங்களுக்கு லைஃபே இல்லையா சித்தப்பா? எட்டு மணிக்கெல்லாம் ஊரே அடங்கிடுது!"

சென்னையில் பொறியியல் படிக்கும் என் அண்ணர் மகன் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது இப்படிக் கேட்டான். எண்பதுகளில் கடல் கடந்து போன குடும்பம். பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். அவனில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே எண்ணத்தைத் தமிழகத்துப் பெரியவர்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன். ஈழத்து மாணவர் என்றால் போர், அழுகை, படிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இன்றும் அதன் அயலில் குடியிருப்பவன் என்ற உரிமையில் மறுமொழி சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். எங்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். இந்துக் கல்லூரியில் படிக்கிறான் என்றால் பையன் அரைக் காற்சட்டையோடும் இருப்பான். அதற்குப் பின் உயர்தரப் பரீட்சை. அதில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறவர்களுக்கே கம்பஸ். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து இடம் மாவட்டங்களுக்கு, ஐந்து இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்தக் கணக்கின் நியாய அநியாயம் பற்றி எங்கள் வீடுகளில் தீராத சண்டை உண்டு. ஆனாலும் அதனால் விளைந்த ஒரு நன்மையை நான் கண்ணால் கண்டவன். ஒரே பட்ச்சில் மன்னார்ப் பெடியனும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஹற்றன் தோட்டத்திலிருந்து வந்தவனும் சேர்ந்துவிடுகிறார்கள். விஞ்ஞான பீடத்தில் தெற்கிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை. கையில் பணமும் இல்லை. எங்கள் வளாகத்தின் அயலிலுள்ள திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஒழுங்கைகளில் வாடகைக்கு அறை. ஐந்து மணிக்கு விரிவுரை முடிந்தால் போகிற இடமெல்லாம் சைக்கிளில். வேடிக்கை வேண்டுமென்றால் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வேடிக்கைக்குத்தான் நாங்கள் பம்பல் என்கிறோம். பிளேன்ரீயும் வடையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒருவனை நடுவில் இருத்தி ஊர்க்கதை முழுவதையும் அவன் தலையில் கொட்டுவது. சென்னையில் இதைக் கலாய்ப்பது என்கிறார்கள். நாங்கள் பெட்டைக்குப் பின்னால் சுழட்டுவது அங்கே சைட் அடிப்பது. இந்த விசயங்களில் இரண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என் காலத்தில் மின்சாரமே கிடையாது. 1990 இல் போர் மறுபடி மூண்ட பின் குடாநாடு இருண்டு கிடந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். ஒருவன் பெடலைச் சுற்றுவான், மற்றவர்கள் பாட்டுக் கேட்போம். கை ஓய்ந்தால் பாட்டும் அடங்கும். உடனே அடுத்தவன் பெடலைப் பிடிப்பான். சனிக்கிழமைகளில் கூழ். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடிக்கிற வேலை ஒருவனுக்கு, சந்தையில் மலிவாக மீன் தலையும் நண்டும் வாங்கிவருவது இன்னொருவனுக்கு. மரவள்ளிக் கிழங்கும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வீட்டுக்கார அன்ரி தருவா. செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்துப் புளி விட்டு இறக்கினால், பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்கும்போது மூக்கால் ஓடும். அன்ரிக்கும் ஒரு சட்டி போகும். அப்படிக் கூடியிருந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிதறியிருக்கிறார்கள். ஒருவன் வீட்டில் சாவு என்றால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

இப்போது வெளிச்சமும் இணையமும் உண்டு, மோட்டார்சைக்கிள்களும் பெருகிவிட்டன. குப்பி மட்டும் அப்படியே இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது கெட்டிக்காரன் ஒருவன் அல்லது சீனியர் அண்ணை இரவிரவாக மற்றவர்களுக்குப் படிப்பிப்பதற்குத்தான் எங்கள் வளாகங்கள் எல்லாவற்றிலும் குப்பி என்று பெயர். காசு வாங்குவதில்லை. பாதி நேரம் பாடம், பாதி நேரம் பம்பல். ஒருவன் சித்தியெய்தாவிட்டால் பட்ச்சே வெட்கப்படும். அரியர் வைப்பதைத் தமிழகத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பெருமையாகச் சொல்லக் கேட்டபோது எனக்கு ஒட்டவில்லை.

சென்னையை நான் அறிந்தது கலியாண வீடுகளுக்குப் போய்த் தங்கிய நாட்களிலும் என் அண்ணர் மகனின் கூட்டாளிகள் சொல்லக் கேட்டும்தான். அவர்களின் கல்ச்சுரல்ஸ் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு மலைப்பு. ஐஐடியின் சாரங் போன்ற விழாக்களுக்குப் புகழ்பெற்ற பாடகர்கள் வருகிறார்கள், கம்பனிகள் செலவை ஏற்கின்றன. ஒளியும் ஒலியும் அமர்க்களம்தான். ஆனால் அந்த மேடையில் மாணவன் பெரும்பாலும் பார்வையாளன் என்றே எனக்குப் படுகிறது. எங்கள் கதை வேறு. அறுபதுகளில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியபோது ஆடியவர்கள் மாணவர்கள். 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இவை அவர்களுடைய பொழுதுபோக்கு நேரத்தில் நடந்தவை. லைஃப் இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

பஸ் டே என்ற கொண்டாட்டத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. தாங்கள் போகிற மாநகரப் பேருந்துக்கு மாலை போட்டு, கூரையில் ஏறி ஆடுவது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 இல் தடை விதித்தும் 2019 இல் கூரையிலிருந்து பிள்ளைகள் கொத்தாக விழுந்த காணொளியை நாங்களும் பார்த்தோம். ரூட் தல என்று தடத்துக்கு ஒரு தலைவன், கல்லூரிக்குக் கல்லூரி அடிதடி. அதேசமயம், அந்தப் பேருந்தில் தொங்குகிறவர்களில் பலர் வீட்டில் முதன்முதல் பட்டம் படிக்கிறவர்கள் என்றும், காலை ஷிஃப்டில் படித்துவிட்டு மாலையில் கடைகளில் வேலை செய்கிறவர்கள் என்றும் அறிந்தேன். அவர்களுக்கு அந்தப் பேருந்து ஒன்றே சொந்தமான திண்ணையாக இருக்கலாம். அங்கே தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் ஆணும் பெண்ணும் நின்று கதைக்கவே தடையாம். யாழ்ப்பாணத்தாரைப் பழமைவாதிகள் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் பைலா பாடிக்கொண்டு பட்ச் ட்ரிப் போகிறார்கள்.

பகிடிவதையில் எங்களுக்குப் பெருமை பேச வாயில்லை. 1996 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவன் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டே தமிழகம் சட்டம் கொண்டுவந்தது. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தான்; 1998 இல் இலங்கையும் சட்டம் இயற்றியது. இரண்டும் தமிழ்ப் பிள்ளைகள். அங்கே ராகிங் பெரிதும் அடங்கிவிட்டது என்கிறார்கள். இங்கே ஒவ்வொரு புதிய பட்ச் வரும்போதும் தாய்மார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள். பட்ச் ஒற்றுமைக்காகத்தான் இது என்று சீனியர்கள் சொல்லும் நியாயத்தை நான் ஏற்கமாட்டேன். கூழ்ப்பானையைச் சுற்றி வந்த ஒற்றுமைக்கு ஒருவனையும் முழங்காலில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கரைக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. 1965 இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் தமிழகத்து மாணவர்கள். 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இரவு பகலாக அமர்ந்து, குப்பையையும் தாங்களே பொறுக்கியவர்கள் அவர்கள்தான். 2021 சனவரியில் எங்கள் வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இரவோடிரவாக இடித்தபோது வாசலில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் எங்கள் பெடியளும் பெட்டையளும். மீண்டும் கட்ட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். பம்பல் அடித்த அதே கூட்டம்தான்.

தமிழகத்துக் கல்லூரி நாடகக் குழுக்களுக்கும் தமிழ் மன்றங்களுக்கும் ஒன்று கேட்கிறேன். 2023 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் நல்லூரோடு திரும்பிவிடாமல் திருநெல்வேலிக்கும் வாருங்கள். எங்கள் பிள்ளைகளின் அறைகளில் தங்குங்கள். கைலாசபதி கலையரங்கில் உங்கள் நாடகத்தைப் போடுங்கள், எங்கள் கூத்தைப் பாருங்கள். எட்டு மணிக்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்பதை நேரில் அறிந்துகொள்ளலாம்.