கட்சிரோலி: சேய்க்குக் கிடைத்ததும் தாய்க்குக் கிடைக்காததும்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியான அபய் பங்கும் ராணி பங்கும் 1986-இல் தொடங்கிய 'சர்ச்' (SEARCH) தொண்டு நிறுவனம், பச்சிளம் குழந்தைகளைக் காத்ததற்காகவே இன்று பேசப்படுகிறது. ஆனால் அது முதலில் உலகை உலுக்கியது பெண்களின் நோய்களைக் கணக்கெடுத்துத்தான். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் வெறும் 8 விழுக்காட்டினர். தொந்தரவு எதுவும் இல்லை என்றவர்களோ 45 விழுக்காட்டினர். வெளியே தெரியாத தொற்றுகளும் இதில் அடங்கும் என்றாலும், வெள்ளைப்படுதலையும் இடுப்புவலியையும் பெண்ணாய்ப் பிறந்தால் பட்டே தீரவேண்டியவை என்று பழகிப்போனவர்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். போய்க் கேட்டால்தான் தெரியும். அப்படிப் போய்க் கேட்டதே இந்த நிறுவனத்தின் தலையாய சாதனை என்பேன்.

இரண்டு கிராமங்களை வைத்து நாட்டையே அளக்கலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. பிற பகுதிகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் எண்கள் பெரிதும் வேறுபட்டன. ஆனால் எண் குறைந்தாலும் புறக்கணிப்பு குறைந்ததாகிவிடாது. 1997-இல் மத்திய அரசின் இனப்பெருக்க, குழந்தை நலத் திட்டத்தில் இந்தத் தொற்றுகளுக்கும் இடம் கிடைத்தது உண்மை. வீட்டு வாசல்வரை அது வரவில்லை. வாசல்வரை வந்தது குழந்தைப் பராமரிப்புதான். 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடுதேடிச் சென்று எடை பார்த்து, கிருமித்தொற்றுக்கு ஊசியும் போட்டதில், மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் அதே இதழ் வெளியிட்டது. 2011-இல் அரசு இந்த வீடுதேடிப் பராமரிப்பைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்களிடம் ஒப்படைத்தது. ஊசி போடும் பொறுப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை. 42 நாளில் ஆறு முறை சென்று வந்தால் 250 ரூபாய் ஊக்கத்தொகை.

சாகும் குழந்தையைத்தானே முதலில் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். மறுக்கவில்லை. தாய் விடுபட்டதில் நிறுவனத்துக்கும் பங்குண்டு: குழந்தைக்கு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு சோதித்த தெளிவான செய்முறையைத் தந்தது; பெண்ணின் நோய்க்கு அதே வலுவோடு நாடெங்கும் எடுத்துச்செல்லத்தக்க செய்முறை உருவாகவில்லை. ஆயினும் 2018-இல் குழந்தைக்கான வீட்டுவருகை பதினைந்தாம் மாதம்வரை நீட்டிக்கப்பட்டபோது, மேலும் ஐந்து முறை அந்தக் கதவு திறந்தது. ஒவ்வொரு முறையும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வெள்ளைப்படுதலை, கர்ப்பப்பை இறக்கத்தை விசாரித்து மருத்துவமனைக்கு அனுப்ப ஆஷாவுக்குத் தனிப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் தர, புதிதாக ஒரு திட்டம்கூடத் தேவையில்லை.