வழிநூலும் வாசகர் வழக்கும்: பொன்னியின் செல்வன் பற்றிய ஓர் ஆய்வு

ஒருவர் படைத்த கதையுலகைப் பிறர் ஏற்று வளர்க்கப் புகுமிடத்து, முன்னதை விரும்பிப் பயின்றோரிடையே பூசல் எழுதல் இயற்கை. மேனாட்டு அறிவியற் புனைகதைத் துறையில் இதற்குச் சான்றுகள் பல. ஐசக் அசிமோவ் 1992-இல் மறைந்தபின், அவருடைய 'பவுண்டேசன்' தொடரைக் கிரெகரி பென்போர்டு, கிரெக் பேர், டேவிட் பிரின் ஆகிய மூவரும் 1997 முதல் 1999 வரை ஆளுக்கொரு நாவலால் நீட்டினர். பிராங்க் எர்பர்ட்டின் 'டியூன்' வரிசையை அவர்தம் மகனார் பிரையன் எர்பர்ட், கெவின் ஆண்டர்சனுடன் கூடி 1999 முதல் தொடர்ந்தார். இவை மூலத்தின் உயிரைச் சிதைத்தன என்பாரும், அதன் வாழ்நாளை நீட்டித்தன என்பாரும் உளர். தமிழில் இத்தகைய வழக்குக்கு நிலைக்களனாய நூல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. அவ்வழக்கின் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

இந்நாவல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் வினவியவற்றுக்கு ஆசிரியரே முடிவுரையில் விடை பகர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னர் 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்னும் தொடர்ச்சியை எழுதினார். மணிரத்தினம் 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாகத் திரைப்படமாக்கினார். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டமையின், 'தொடரலாமா' என்னும் வினாவுக்கு இன்று இடமில்லை. 'எந்நெறியில் தொடர்தல் தகும்' என்பதே எஞ்சி நிற்கும் வினா.

கடலூர், சிதம்பரம் பகுதியினர்க்கு இவ்வழக்கு அயலார் வழக்கன்று. கதை தொடங்குவது காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீரநாராயண ஏரியாகிய வீராணத்தின் கரையில். ஆதித்த கரிகாலன் உயிர் துறக்கும் கடம்பூர் மாளிகையும் இவ்வட்டாரத்து ஊரொன்றின் பெயரையே தாங்கியது. அக்கொலையாளிகளைப் பற்றிய கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடிக் கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினதாகக் கொள்ளப்படும் அது, இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று குறித்து, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதைத் தெரிவிக்கின்றது.

ஒருவர் நூலைப் பிறர் வளர்த்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். அதனை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்தார். அவர் ஊராகிய திருநாரையூர் காட்டுமன்னார்கோயிலுக்கு அணித்தே உள்ளது. அதனைச் சேக்கிழார் பெரியபுராணமாக விரித்தார். அந்நூல் அரங்கேறியது தில்லையில். தொகை, வகை, விரி எனச் சான்றோர் போற்றும் இம்மூன்றனுள் பின்னது முன்னதினும் பன்மடங்கு பெரிது. எனினும் சேக்கிழார் தொகையின் அடியார் வரிசையை மாற்றவில்லை. தொகைப் பாடல்களின் முதற்சொற்களையே சருக்கப் பெயர்களாகவும் கொண்டார். நன்னூலார் வழிநூலுக்குக் கூறும் இலக்கணமும் இதனோடு ஒக்கும். பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்யலாம். மரபு அழிதல் ஆகாது. ஆகவே மாற்றம் உண்டா இல்லையா என்று பார்த்தல் போதாது. மாறியது நூலின் உறுப்பா உயிரா என்று பகுத்துணர்தல் வேண்டும்.

இவ்வளவைகொண்டு வாசகர் எழுப்பிய இரு குறைகளை நோக்குவாம். முதலாவது, சம்புவரையர் மகள் மணிமேகலை திரைப்படத்தில் விடப்பட்டமை. சுருக்கம் கருதி ஒரு கிளைக்கதை விடப்பட்டது என அமைதி கூறுவர் சிலர். இஃது எமக்கு உடன்பாடன்று. கரிகாலனைக் கொன்றவர் யாவர் என்பதை நாவல் உறுதியாகச் சொல்லாது இருளில் விடுகின்றது. வந்தியத்தேவனைக் காத்தற்பொருட்டு மணிமேகலை பழியைத் தன்மேல் ஏற்பது அவ்விருளைச் செறிவாக்குவது. கல்வெட்டும் கொலை நிகழ்ந்த முறையைக் கூறாமையின், கல்கியின் மௌனம் சான்றின் எல்லையறிந்த மௌனமாகும். திரைப்படமோ கரிகாலன் முடிவைக் கண்முன் காட்சியாக நிறுத்துகின்றது. ஐயம் நீங்கவே, ஐயத்தைத் தாங்கிய பாத்திரமும் வேண்டாததாயிற்று. ஈண்டு மாறியது நூலின் உயிரோடு ஒட்டியதொன்று. வாசகர் முறையீடு தக்கதே.

இரண்டாவது, உத்தமசோழன் பற்றியது. நாவலில் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் எனத் தெளிந்து அரியணை ஏறுகின்றான். திரைப்படத்தில் இத்திருப்பம் இல்லை, மதுராந்தகனே முடிசூடுகின்றான். இது மூலத்துக்கு இழைத்த பிழை என்பர். ஆயின் வரலாற்று உத்தமசோழன் கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன். பிள்ளை மாற்றம் கல்கியின் கற்பனை. சிறிய தந்தை ஆட்சியை விரும்பியவரை அருள்மொழி அதனை விரும்பிலன் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. அத்துறவே நாவலின் உயிர். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று ஆசிரியர் பெயரிட்டதும் அதுபற்றியே. திரைப்படம் கற்பனையை விடுத்துத் துறவைப் பேணிற்று. ஆகலின் இம்மாற்றம் வழிநூலுக்கு ஒத்த விகற்பமேயாம்.

இவற்றால் ஒன்று புலனாகும். பூசலிடுவோர் 'மூலம்' என்னும் ஒரு சொல்லால் மூன்று பொருள்களைச் சுட்டுகின்றனர்: கல்வெட்டும் செப்பேடும் தரும் வரலாறு, கல்கி எழுதிய நாவல், கிழமைதோறும் படித்தும், ஓவியர் மணியத்தின் சித்திரங்களைக் கண்டும், வாசகர் உள்ளத்தே வளர்ந்த உருவம். நந்தினியின் தோற்றம் போல்வன பற்றிய பூசல்கள் பெரும்பாலும் மூன்றாவதன்பாற்படும். அவ்வுருவம் ஆளுக்காள் வேறுபடுவது. எந்தப் புதுப்படைப்பாளரும் அதற்கு முற்றும் ஒப்ப இயற்றல் இயலாது. ஆயினும் அதனை எள்ளுதல் கூடாது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாவலைப் புத்துயிரோடு காத்தது அப்பற்றேயாகும்.

திறனாய்வாளர் கடன், பற்றினைப் பழிக்காது, அது சுட்டும் பொருள் யாதென வகைப்படுத்திக் காட்டுதல். விடுபட்ட பாத்திரம் எது என்று வினவுவதோடு நில்லாது, அப்பாத்திரம் தாங்கிய பொருள் எது என்றும் வினவின், பூசல் ஆய்வாக மாறும். 'நந்திபுரத்து நாயகி' முதலிய தொடர்ச்சிகளை இவ்வளவையால் மூலத்தோடு ஒப்புநோக்கும் பணி எஞ்சியுள்ளது. முதனூலாசிரியன் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை நிரப்ப முந்துவோர், அவன் ஏன் விட்டான் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பது எம் துணிபு.