டால்ஸ்டாயும் ஜாரின் ஓர் இரவும்

டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் 'போரும் வாழ்வும்' என்ற பெயரில் தமிழாக்கிய டால்ஸ்டாயின் மகா நாவலைப் படித்த நண்பர்கள் சிலர் ஒரு ரகசியத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நடாஷா வரும் இடங்களை நிதானமாகப் படித்துவிட்டு, ஆசிரியர் சரித்திர விசாரணையில் இறங்கும் பக்கங்களைத் தள்ளிவிடுவார்களாம். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இந்தத் தடவை தள்ளவில்லை. அதனால் டால்ஸ்டாயோடு சண்டை வந்துவிட்டது.

1812-ம் வருஷம் நெப்போலியனின் சேனை நீமன் நதியைக் கடந்து ருஷ்யாவுக்குள் புகுந்ததே, அது ஏன்? சக்கரவர்த்தியின் பேராசையா? ராஜதந்திரிகளின் தவறா? இங்கிலாந்தோடு வியாபாரம் கூடாது என்ற தகராறா? எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் போதாது என்கிறார் டால்ஸ்டாய். நெப்போலியனின் இஷ்டத்துக்கு உள்ள எடைதான், எவனோ ஒரு பிரெஞ்சுக் கார்ப்பொரல் மறுபடி சேவகத்துக்குப் போகச் சம்மதித்ததற்கும் உண்டாம். ஆயிரம் காரணங்கள் கூடின. நடக்க வேண்டியது நடந்தது. அரசன் சரித்திரத்தின் அடிமை.

கார்ப்பொரல் விஷயத்தில் எனக்குப் பூரண சம்மதம். சரித்திரப் புரொபஸர்களுக்கு அது தோன்றாது, நாவலாசிரியனுக்குத்தான் தோன்றும். ஆனால் அரசனை இப்படி விடுதலை செய்து அனுப்புவதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

டால்ஸ்டாய் 1910-ல் காலமானார். இன்னும் நான்கு வருஷம் இருந்திருந்தால், சுமார் 90 லட்சம் சிப்பாய்களைக் கொன்ற யுத்தம் எப்படித் தொடங்கிற்று என்று பார்த்திருப்பார். ஜூன் 28-ந் தேதி ஸாரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதால் யுத்தம் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேனாக்கள்தானே வேலை செய்தன? ஜூலை 29 அன்று, முழுச் சேனையையும் திரட்டச் சம்மதித்திருந்த ஜார் நிக்கலஸ், ஜெர்மன் கெய்ஸரின் தந்தி ஒன்றைப் படித்துவிட்டு இரவோடு இரவாக உத்தரவை நிறுத்திவிட்டார். அடிமை செய்கிற காரியமா இது? மறுநாள் பிற்பகல் அந்நிய நாட்டு மந்திரி ஸஸானவ் எதிரில் உட்கார்ந்து சுமார் ஒரு மணி நேரம் வாதாடினார். தாமதித்தால் ஜெர்மனி முந்திக்கொள்ளுமாம். ஜார் இசைந்தார். உடனே மந்திரி சேனைத் தலைமை அதிகாரியை டெலிபோனில் கூப்பிட்டு, இனி அந்த டெலிபோனை உடைத்துப் போடலாம் என்றாராம். மறுபடி ஒரு ரத்து உத்தரவு வந்து தொலைத்தால்?

பெர்லினிலும் இதே கூத்து. பிரான்ஸ் ஒதுங்கி நிற்கும் என்று ஆகஸ்ட் 1-ந் தேதி ஒரு தப்புச் சமாசாரத்தை நம்பிய கெய்ஸர், சேனை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார். போட்ட ஏற்பாட்டை மாற்ற முடியாது என்றார் சேனாதிபதி மோல்ட்கே. ரயில் அட்டவணை அப்படி! திருப்பியிருக்க முடியும் என்று காட்டி, ஜெர்மன் ராணுவ ரயில்வே அதிகாரி ஸ்டாப் 1925-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

டால்ஸ்டாயின் சித்தாந்தத்தில் அந்த ஜூலை 29 இரவுக்கு இடமில்லை. அவருடைய கதையில் இருக்கிறது. நிக்கலாய் ரஸ்தோவ் ஒரு பிரெஞ்சு அதிகாரியை வாளால் வெட்டிவிட்டு, மோவாயில் குழி விழுந்த அந்தச் சாதுவான முகத்தைப் பார்க்கிறான். இவனை நான் ஏன் கொல்ல வேண்டும் என்று குழம்பிப் போகிறான். மெடல் கிடைத்த பிறகும் அந்தக் குழப்பம் அவனை விடவில்லை.