மழை கேட்கும் முன்: இஸ்லாமிய மரபில் மழைத் தொழுகையும் துஆக்களும்

மழை பொய்த்த ஆண்டுகளில் முஸ்லிம் ஜமாஅத்தார் திறந்த திடலில் கூடி மழைத் தொழுகை நடத்துவதும், கையேந்தி நிற்கும் கூட்டத்தின் படம் மறுநாள் நாளிதழில் வருவதும் தமிழ்நாட்டில் பழகிய காட்சி. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோதும் அத்தகைய தொழுகைகள் நடந்தன. படத்தில் தெரிவது தொழுகையும் துஆவும் மட்டுமே. மார்க்க நூல்களைப் புரட்டினால், அந்தத் தொழுகைக்கு முன்பு செய்ய வேண்டியவை பற்றியும், மழை பெய்த பின் காட்ட வேண்டிய ஒழுக்கம் பற்றியும் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அரபியில் 'இஸ்திஸ்கா' எனப்படும் இந்த வழிபாட்டின் உயிர் அந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இரண்டு வெள்ளிக்கிழமைகள்

மழை வேண்டுதல் பற்றிய நபிமொழிகளில் மிகவும் புகழ்பெற்றது அனஸ் இப்னு மாலிக் (ரலி) அறிவிப்பது. புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) மதீனாப் பள்ளியில் ஜுமுஆ உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் உள்ளே வந்து, கால்நடைகள் மடிகின்றன, வழிகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, அல்லாஹ்விடம் மழை கேளுங்கள் என்று முறையிடுகிறார். நபியவர்கள் மிம்பரில் நின்றபடியே கைகளை உயர்த்துகிறார்கள். வானில் மேகத்தின் சுவடுகூட இல்லை. பள்ளிக்கும் ஸல்உ மலைக்கும் இடையே பார்வையை மறைக்க ஒரு வீடும் இல்லை. அந்த மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போன்ற சிறு மேகம் எழுந்து, நடு வானுக்கு வந்து பரவிப் பொழிகிறது. ஒரு வாரம் சூரியனைக் காணவில்லை என்கிறார் அனஸ்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாசல் வழியே ஒருவர் வருகிறார். இம்முறை முறையீடு வேறு: உடைமைகள் அழிகின்றன, வழிகள் துண்டிக்கப்பட்டுவிட்டன, மழை நிற்க வேண்டுங்கள் என்கிறார். அப்போது நபியவர்கள் கேட்ட துஆவைக் கவனிக்க வேண்டும். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், மேடுகளிலும் குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்று கேட்டார்கள். நகரத்துக்குத் தொல்லையான நீர் மேய்ச்சல் நிலத்துக்கு உயிர் என்பதை மறக்காத வேண்டுதல் அது. இரண்டாவதாக வந்தவர் முதலில் வந்தவர்தானா என்று பின்னாளில் அனஸிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டார். அறிவிப்பாளரின் இந்த நேர்மையையும் ஹதீஸ் தொகுப்புகள் அப்படியே பதிந்து வைத்திருக்கின்றன.

திடலுக்குப் புறப்பாடு

மழைக்கெனத் திடலுக்குச் சென்று தொழுத முறையைப் பிற அறிவிப்புகள் சொல்கின்றன. மக்கள் மழையின்மையை முறையிட்டபோது, நபியவர்கள் திடலில் மிம்பர் வைக்கச் சொல்லி, ஒரு நாளையும் குறித்தார்கள் என்கிறார் அன்னை ஆயிஷா (ரலி). சூரியன் தலைகாட்டும் வேளையில் புறப்பட்டார்கள். அக்குளின் வெண்மை தெரியுமளவு கைகளை உயர்த்தினார்கள். பின்னர் மக்களுக்கு முதுகு காட்டி, கிப்லாவை நோக்கித் திரும்பி, மேலாடையை மாற்றிப் போட்டார்கள். இரண்டு ரக்அத் தொழுதார்கள். இடி முழங்கிப் பெய்த மழையில் மக்கள் ஒதுங்க இடம் தேடி ஓடியதைக் கண்டு, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் உள்ள அந்த அறிவிப்பு முடிகிறது. எளிய உடையில், பணிவோடும் மன்றாட்டத்தோடும் நபியவர்கள் புறப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) கூறுகிறார். பெருநாளுக்குப் புத்தாடையும் நறுமணமும் உண்டு. அதே திடலுக்கு மழை கேட்டுப் போகும்போது அவை இரண்டும் இல்லை.

இந்தத் தொழுகையின் இரு செயல்கள் பார்ப்பவர் மனத்தில் பதிபவை. ஒன்று, மேலாடையின் வலப்புறத்தை இடப்புறமாகவும் இடப்புறத்தை வலப்புறமாகவும் மாற்றிப் போடுவது. பஞ்சம் மாறி வளம் வரட்டும் என்ற நல்லெண்ணம் இதில் அடங்கியிருப்பதாக அறிஞர்கள் விளக்குவர். மற்றொன்று, புறங்கைகள் வானை நோக்கும்படி கைகளை உயர்த்துவது. ஒன்றைத் தருமாறு கேட்கும்போது உள்ளங்கையும், ஒரு துன்பம் நீங்கக் கேட்கும்போது புறங்கையும் வானை நோக்க வேண்டும் என்று ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி (மறைவு 1277) எழுதுகிறார்.

மத்ஹபுகளின் பார்வை

மழை வேண்டுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கெனத் தனியே ஜமாஅத் தொழுகை உண்டா என்பதில் உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் பார்வையில் இஸ்திஸ்கா என்பது துஆவும் பாவமன்னிப்புக் கோருதலுமே. ஜமாஅத்தாகத் தொழுவது அதற்குரிய சுன்னத் அல்ல; மக்கள் தனித்தனியே தொழுதுகொள்ளலாம். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இமாம் இரண்டு ரக்அத் தொழுவிப்பார் என்றார்கள். மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் ஆகிய மூவரும் அதைச் சுன்னத் என்றே கொண்டனர். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் (சட்ட மரபுகளில்) பெருநாள் தொழுகை போலக் கூடுதல் தக்பீர்கள் உண்டு: முதல் ரக்அத்தில் ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு, ஹன்பலி மத்ஹபில் ஆறு; இரண்டாவதில் இரண்டிலும் ஐந்து. மாலிகி மத்ஹபில் அவை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பெருநாள் குத்பாவில் தக்பீர் சொல்லும் இடங்களில் இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்புக் கோரல்) சொல்லப்படும்: முதல் குத்பாவின் தொடக்கத்தில் ஒன்பது முறை, இரண்டாவதில் ஏழு முறை. கேட்டும் மழை வரவில்லையென்றால் மீண்டும் மீண்டும் தொழலாம். புறப்படத் தயாரான நிலையில் மழை வந்துவிட்டால் நன்றிக்காகத் தொழ வேண்டும்.

தமிழகத்தில் இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபும் வேரூன்றியவை. ஓர் ஊரின் மழைத் தொழுகை மற்றோர் ஊரிலிருந்து சற்று மாறித் தெரிந்தால் இரண்டுக்கும் மரபின் ஆதாரம் உண்டு.

மூன்று நாள் ஆயத்தம்

திருக்குர்ஆனில் நூஹ் நபி தம் சமூகத்தாரிடம் பாவமன்னிப்புக் கோரச் சொல்லும்போது, அதன் பலனாகத் தொடர் மழையும் செல்வமும் மக்களும் தோட்டங்களும் ஆறுகளும் கிடைக்கும் என்கிறார் (71:10–12). ஹூத் நபியும் ஆது கூட்டத்தாரிடம் இதே பொருளில் பேசுகிறார் (11:52). அறிஞர் ஹஸன் பஸரீயிடம் ஒருவர் வறட்சி என்றும், ஒருவர் வறுமை என்றும், ஒருவர் பிள்ளையில்லை என்றும், ஒருவர் தோட்டம் காய்ந்தது என்றும் வந்து முறையிட்டதாக ஒரு செய்தி உண்டு. எல்லோருக்கும் அவர் சொன்ன மருந்து இஸ்திக்ஃபார் ஒன்றுதான். ஏன் என்று கேட்டபோது நூஹ் அத்தியாயத்தின் அந்த வசனங்களை ஓதிக்காட்டினார்.

நாவால் மன்னிப்புக் கேட்பது மட்டும் போதுமா? ஷாஃபிஈ சட்ட நூல்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. தொழுகைக்கு முன் மூன்று நாள் நோன்பு வைக்கும்படியும், தவ்பா செய்யும்படியும், தர்மம் கொடுக்கும்படியும், பிறருக்கு இழைத்த அநீதிகளைச் சரிசெய்யும்படியும் இமாம் மக்களுக்குக் கட்டளையிட வேண்டும். பறித்த பொருளைத் திருப்பித் தருவதும், உரிமை மறுக்கப்பட்டவரிடம் போய் நிற்பதும் இதில் அடங்கும். நான்காம் நாள், நோன்போடு, வேலைக்கு உடுத்தும் உடையில் புறப்பட வேண்டும். சிறுவரையும் முதியவரையும் கால்நடைகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். மழை மனிதனுக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் ஆடுமாடுகளும் திடலுக்கு வருகின்றன. ஸகாத்தை மறுக்கும் சமூகத்துக்கு மழை மறுக்கப்படும், கால்நடைகள் இல்லையென்றால் அவர்களுக்கு மழையே இராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு நபிமொழி உள்ளது. மழை கேட்டுப் புறப்பட்ட சுலைமான் நபி, மல்லாந்து கிடந்து கால்களை வானை நோக்கி உயர்த்திய ஓர் எறும்பைக் கண்டு, வேறோர் உயிரின் வேண்டுதலால் உங்களுக்கு மழை கிடைத்துவிட்டது, திரும்புங்கள் என்று மக்களிடம் சொன்னதாகவும் ஓர் அறிவிப்பு வழங்குகிறது.

ஆட்சியாளரின் பொறுப்பு

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) ஹிஜாஸைக் கடும் வறட்சி வாட்டிய ஆண்டு. மண் சாம்பல்போல் பறந்ததால் 'சாம்பல் ஆண்டு' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. கலீஃபா உமர் (ரலி) நபியின் சிறிய தந்தை அப்பாஸை (ரலி) முன்னிறுத்தி மழை வேண்டினார்கள். இந்நிகழ்ச்சியை வஸீலாவுக்கு (நல்லடியாரை முன்னிறுத்தி இறைவனிடம் வேண்டுவதற்கு) ஆதாரமாகக் கொள்வோரும், வாழும் நல்லடியாரின் துஆவைக் கோரியதாக மட்டும் கொள்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த விவாதச் சூட்டில் உமர் அந்த ஆண்டு செய்த மற்றவை மறக்கப்படுகின்றன. மக்கள் பசியாறும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். பிற மாகாணங்களுக்கு எழுதி உணவு கேட்டார். சிரியாவிலிருந்து அபூஉபைதா (ரலி) 4000 ஒட்டகங்களில் தானியம் கொண்டுவந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். அந்த ஆண்டு ஸகாத் வசூலைத் தள்ளிவைத்தார். பசியால் திருடியவருக்குக் கைவெட்டும் தண்டனையையும் நிறுத்திவைத்தார். கையேந்திய கலீஃபா கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

வட ஆப்பிரிக்காவில் ஆளுநராக இருந்த மூஸா இப்னு நுஸைர் வறட்சியின்போது மக்களோடு மழை வேண்டினார். உரையில் கலீஃபா வலீதின் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்டவருக்கு, இது அல்லாஹ்வைத் தவிர யாரையும் அழைக்கும் இடமல்ல என்று பதில் சொன்னார். ஸ்பெயினின் குர்துபாவில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் மழை வேண்டும்படி காஸி (நீதிபதி) முன்திர் இப்னு ஸஈதுக்கு ஆளனுப்பினார். கலீஃபா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று காஸி கேட்டார். முரட்டு ஆடை உடுத்தி, மண்ணில் விழுந்து, தம் பாவங்களுக்காக அழுகிறார் என்றான் வந்தவன். பூமியை ஆள்பவன் பணிந்துவிட்டால் வானத்தை ஆள்பவன் இரங்குவான் என்ற பொருளில் பேசிய காஸி, மழைக்கான ஆடையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்றும் மொராக்கோவில் மன்னரின் ஆணைப்படி நாடெங்கும் மழைத் தொழுகை நடக்கிறது. சவூதி அரேபியாவிலும் மன்னரே அழைப்பு விடுக்கிறார். அழைப்பு விடுப்பது எளிது. உமரின் ஆண்டு அதைவிட அதிகம் கேட்கிறது.

மழை வந்த பிறகு

மழையைக் கண்டதும் அதைப் பயனுள்ள மழையாக்கித் தருமாறு நபியவர்கள் கேட்டதாக ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். ஆடையைச் சற்று விலக்கி மழைத்துளி உடலில் படும்படி நின்று, இது இப்போதுதான் இறைவனிடமிருந்து வந்தது என்று காரணம் சொன்னதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார். காற்றும் கருமேகமும் திரண்டால் நபியவர்களின் முகம் மாறும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். மக்கள் மேகத்தைக் கண்டு மகிழும்போது தாங்கள் ஏன் கலங்குகிறீர்கள் என்று ஆயிஷா கேட்டார்கள். ஆது கூட்டத்தாரும் மழைமேகம் என்று எண்ணித்தான் மகிழ்ந்தார்கள், வந்ததோ வேதனை என்பதே விடை. காற்றின் நன்மையைக் கேட்டு அதன் தீமையிலிருந்து பாதுகாவல் தேடும் துஆ இந்த அச்சத்திலிருந்து பிறந்தது.

ஹுதைபிய்யாவில் இரவு மழைக்குப் பின் வந்த அதிகாலைத் தொழுகையை முடித்ததும் நபியவர்கள் கற்பித்தது இன்னொன்று. அரபியர் குறிப்பிட்ட நட்சத்திரங்களின் உதயத்தையும் மறைவையும் மழைக்குக் காரணமாகச் சொல்லிவந்தனர். மழையை இறையருளோடு சேர்த்துச் சொல்பவரே நம்பிக்கையாளர் என்று அங்கே உணர்த்தப்பட்டது. இமாம் ஷாஃபிஈ இதை நுட்பமாகப் பிரித்தார். நட்சத்திரமே மழை தருகிறது என்ற நம்பிக்கை தவறு. இன்ன பருவத்தில் மழை பெய்தது என்ற பொருளில் சொன்னால் குற்றமில்லை, ஆனாலும் வேறு சொல்லைப் பயன்படுத்துவது நல்லது என்றார். வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே துஆச் செய்வதில் முரண்பாடு ஏதும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மக்கள் வழக்குகள்

இஸ்லாம் சென்ற இடங்களிலெல்லாம் உள்ளூர் மழைச் சடங்குகளும் உடன் நின்றன. மொராக்கோவின் அமாஸிக் மக்கள் பெரிய அகப்பைக்கு மணப்பெண்போல் ஆடை உடுத்தி ஊர்வலம் விடுவர். பாலஸ்தீனத்தில் பெண்களும் பிள்ளைகளும் பாடியபடி வீடுவீடாகச் செல்லும் வழக்கம் இருந்தது. அனதோலியாவில் சிறு கற்களை எண்ணி, ஓதி, நீரில் போடுவர். உலமாக்கள் இவற்றில் பலவற்றை ஏற்கவில்லை. ஆயினும் வறட்சியின் வேதனையைப் பெண்களும் பிள்ளைகளும் தம் மொழியில் சொன்ன ஆவணங்கள் இவை. தமிழில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் 'மழையழைப்பித்த படலம்' என ஒரு பகுதியையே மழை வேண்டுதலுக்கு ஒதுக்கியிருக்கிறது. அரபு மண்ணின் வறட்சியை மழை பார்த்து வாழும் தமிழ் நிலத்தின் புலவர் பாடியதில் வியப்பில்லை.

நமக்கான கடமை

மழை பெய்யாமல் இருப்பது பஞ்சமல்ல, மழை பெய்து பெய்தும் பூமி எதையும் முளைப்பிக்காமல் இருப்பதே பஞ்சம் என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. ஏரியைத் தூர்த்து, வாய்க்காலை அடைத்து, பெய்த நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு மறு கோடையில் திடலுக்குப் போகும் நம் ஊர்களுக்கு இது நேராகப் பொருந்தும். இரு கை கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்த நபியின் சமூகம், ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமூகம் இது.

எனவே ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் இமாம்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மழைத் தொழுகைக்கு நாள் குறிக்கும்போது அதற்கு முந்தைய மூன்று நாட்களையும் சேர்த்து அறிவியுங்கள். நிலுவைக் கூலியைக் கொடுக்கவும், அபகரித்த நிலத்தையும் நீர்வழியையும் விடவும், ஸகாத்தைக் கணக்கிட்டு உரியவரிடம் சேர்க்கவும், பள்ளியின் ஹவுளுக் குழாய்களில் ஒழுகும் நீரை நிறுத்தவும் அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். நான்காம் நாள் திடலுக்கு வாருங்கள். நம் மார்க்க நூல்கள் சொல்லும் முழுமையான மழைத் தொழுகை அதுதான்.