சிதம்பரத்தில் எழுதிய கடிதம்: பேராயர் ஹீபரின் பாடல்களும் சாதி வினாவும்

ஆய்வுச் சுருக்கம்: ஆங்கிலேயத் திருச்சபையின் பேராயரும் சமயப்பாக் கவிஞருமான ரெஜினால்டு ஹீபர் (1783–1826) தம் இறுதிப் பயணத்தில் கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சைக்குச் சென்றார். அப்பயணத்தின்போது சிதம்பரத்திலிருந்து சாதி வழக்கம் குறித்து அவர் எழுதிய கடிதத்தை அவருடைய பாடற்பணியோடு இணைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: ஹீபர், கிறித்தவ இசைப்பாடல், பாமாலை, கீர்த்தனை, வேதநாயக சாஸ்திரியார், சாதி.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்று நூல்களில் ஹீபர் இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறார். பாமாலையில் மொழிபெயர்க்கப்பட்ட சில ஆங்கிலப் பாடல்களின் மூல ஆசிரியராக ஓரிடத்திலும், திருச்சிராப்பள்ளியில் திடீரென இறந்த பேராயராக மற்றோரிடத்திலும் அவரைக் காணலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஹீபரைப் பற்றிய பேச்சு குறைவு. பாடல் எழுதியவர் ஒருவர், சாதி பற்றிக் கடிதம் எழுதியவர் வேறொருவர் என்பதுபோல அவரைப் பகுத்தே படித்து வந்துள்ளோம். இப்பகுப்பு நமக்கு வசதியாக இருந்திருக்கிறது. அது சரியானதா என்பதே இங்கு எழும் கேள்வி.

பாட்டுக்காரப் போதகர்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள மால்பசில் 1783 ஏப்ரல் 21 அன்று பிறந்த ஹீபர், ஆக்ஸ்போர்டில் பயிலும்போதே ‘பாலஸ்தீனம்’ என்னும் நெடும்பாவுக்காக 1803இல் பரிசு பெற்றார். 1807இல் குருப்பட்டம் பெற்று ஹாட்நெட் என்னும் சிற்றூரின் போதகரானார். அவர் பாடல்களுள் பெரும்பாலானவை அவ்வூரில் எழுதப்பட்டவை.

அக்காலத்து ஆங்கிலேயத் திருச்சபையில் செய்யுளாக்கப்பட்ட சங்கீதங்களே வழிபாட்டுக்கு உரியனவாகக் கருதப்பட்டன. புதிதாக இயற்றப்படும் ஞானப்பாட்டு மெதடிஸ்டுகளுக்கும் பிற பிரிவினருக்கும் உரியது என்ற ஐயம் குருமாரிடையே இருந்தது. ஹீபர் இதற்கு ஒரு வழி கண்டார். திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் திருநாளுக்கும் உரிய வேதபாடத்தைப் பின்பற்றி ஒரு பாடல் என அவர் தொகுப்பை வகுத்துக்கொண்டார். பாட்டு வழிபாட்டு ஒழுங்கை மீறாமல் அதற்குள்ளேயே அமர வேண்டும் என்பது அவர் கருத்து. திருச்சபைத் தலைவர்களின் ஒப்புதலை நாடியும் அவர் வாழ்நாளில் அது கிட்டவில்லை. 1827இல் அவர் மனைவி அமேலியாவின் முயற்சியால் அந்நூல் வெளிவந்தது. திரித்துவத் திருநாளுக்கென அவர் எழுதிய துதிப்பாடல் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் ஒலிக்கிறது.

அவர் எழுதிய மிகப் புகழ்பெற்ற மிசனரிப் பாடலோ 1819இல் ரெக்ஸம் நகரில், மிசன் நிதி திரட்டும் ஆராதனை ஒன்றுக்காக, மாமனாரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்டது. இலங்கைத் தீவின் மணக்கும் காற்றையும் எழிலையும் போற்றி, அங்கு வாழும் மனிதனை மட்டும் இழிந்தவனாகக் காட்டும் பகுதி அதில் உண்டு. இலங்கையை ஹீபர் நேரில் கண்டது 1825இல்தான். பார்க்குமுன் பாடிவிட்டார் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நடந்தது அதுவே. அப்பாடலின் வரிகள் தம்மை உறுத்தியதை 1925இல் கல்கத்தாவில் மிசனரிகளிடம் காந்தி வெளிப்படையாகவே சொன்னார்.

கடலூரும் சிதம்பரமும்

1823இல் கல்கத்தாப் பேராயராக வந்த ஹீபரின் ஆளுகைக்குள் இந்தியா முழுவதும் இலங்கையும் அடங்கின. 1826 பிப்ரவரி இறுதியில் சென்னை வந்தடைந்த அவர், மார்ச் 13இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் சென்ற குருவானவர் தாமஸ் ராபின்சன், பின்னாளில் ஹீபரின் இறுதி நாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

வழியில் இருந்த கடலூர், மிசன் வரலாற்றில் சிறிய ஊர் அன்று. ஆங்கில நிறுவனமான கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 1737இலேயே அங்கு மிசன் பணி தொடங்கியது. 1740இல் அங்கு வந்த கீர்நாந்தர் 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார். கழகம் ஆங்கிலேயத் திருச்சபையைச் சார்ந்தது. அதன் ஊழியர்களோ லுத்தரன் மரபில் குருப்பட்டம் பெற்ற ஜெர்மானியரும் ஸ்காந்திநேவியரும். கடலூர், தஞ்சை, திருச்சிச் சபைகள் அனைத்தும் இந்த இரட்டைத் தன்மையோடு ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தவை. சுவார்ட்ஸ் போன்ற பழைய மிசனரிகள் சாதி வழக்கத்தை உடனடியாக ஒழிக்க முற்படாமல் பொறுத்துப் போனார்கள். 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபின் வந்த இளைய மிசனரிகளுக்கு அப்பொறுமை இல்லை. பேராயர் என்னும் மேலதிகாரம் இந்தியாவில் உருவானது 1814இல்தான் என்பதால், ஒரு தலைமுறையாகத் தேங்கிய வழக்கு முழுவதும் ஹீபரின் மேசைக்கு வந்தது.

மார்ச் 21ஆம் நாளிட்டு, அக்கால ஆங்கில ஒலிபெயர்ப்பில் ‘சில்லம்பரம்’ என்று ஊர்ப்பெயர் குறித்து, மிசனரி ஷ்ரைஃபோகலுக்கு ஹீபர் எழுதிய கடிதம் இவ்வழக்கைப் பற்றியது. தேவாலயத்தில் தனி இருக்கை, நற்கருணைக்குத் தனித்தனியே வருதல், பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்து அமர்த்துதல், உடன் உண்ண மறுத்தல் ஆகியவை பற்றிக் கேட்கிறார். இவை சமய நம்பிக்கையைச் சார்ந்தவையா, உலகியல் மதிப்பைச் சார்ந்தவையா என்பதே அவர் வினாவின் அச்சு. பிறப்பினால் புனிதம் கூடும் என்ற எண்ணத்துக்கு இடமளிக்க முடியாது என்கிறார். எனினும், புதிய மிசனரிகள் தேவைக்கு மேல் கடுமை காட்டிவிட்டார்களோ என்று அஞ்சுகிறார். ஐரோப்பியத் தேவாலயங்களிலும் செல்வர்க்கும் எளியோர்க்கும் இருக்கை வேறுபாடு உண்டென்ற ஒப்புமையும் அதில் இடம்பெறுகிறது. இக்கருத்துகளுக்குத் தூண்டுதலாக அமைந்தது, சுவார்ட்ஸின் மாணவரும் 1824இல் ஹீபரிடமே குருப்பட்டம் பெற்றவருமான கிறிஸ்தியான் தாவீதுடன் நடந்த உரையாடல்.

திருநாளைப்போவாரின் ஊரில் இக்கடிதம் எழுதப்பட்டதை வாசகர் நினைக்காமல் இருக்க இயலாது. இது வெறும் தற்செயலே. அதன்மேல் அதிகப் பாரம் ஏற்ற வேண்டியதில்லை. ஆயினும், கோயிலுக்குள் யார் வரலாம் என்று பல நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்ட ஊரில், தேவாலயத்துக்குள் யார் எங்கே அமரலாம் என்ற கேள்வி எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே தருக்கத்தின் இரு முகங்கள்

ஹீபர் மார்ச் 26இல் தஞ்சையில் உயிர்ப்புத் திருநாள் ஆராதனை நடத்தினார். தஞ்சைச் சபையாருக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். சரபோஜி மன்னரைச் சந்தித்தார். ஏப்ரல் 3 காலை திருச்சிக் கோட்டைத் தேவாலயத்தில் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தல் அளித்துத் திரும்பியவர், நீராடச் சென்ற இடத்தில் இறந்தார். அவருக்கு வயது 42. சாதி வினாவுக்கு அவர் விடை எழுதவில்லை. 1833இல் அவ்விடையை எழுதியவர் பேராயர் டேனியல் வில்சன்: சாதி வேறுபாடு சபையிலிருந்து முற்றாக நீங்க வேண்டும் என்ற ஆணை.

இடைப்பட்ட ஆண்டுகளில் தஞ்சையில் நிகழ்ந்தவை இலக்கிய ஆய்வாளர்க்கு முதன்மையானவை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) புதிய மிசனரிகள்மேல் வைத்த முறையீட்டில் நான்கு குறைகள் இணைந்து வருகின்றன: பழகிய பப்ரிசியுஸ் வேதாகமத்தை மாற்றுதல், சாதிகளை வலிந்து கலத்தல், விழாக்களில் மலர்களை விலக்குதல், தமிழிசைப் பாடல்களைத் தடுத்தல். நாம் இந்நான்கில் மூன்றை எடுத்துக்கொண்டு சாஸ்திரியாரைத் தமிழ்ப் பண்பாட்டுக் காவலராகக் கொண்டாடுகிறோம். இரண்டாவதைக் காலத்தின் குறை என்று அடிக்குறிப்பில் ஒதுக்குகிறோம். அவரோ அவற்றை ஒதுக்கவில்லை. அவருக்கு நான்கும் ஒரே உடைமை, மூதாதையர் வழக்கம்.

ஹீபரின் கடிதத்திலும் அத்தருக்கமே இயங்குகிறது. எது சமயம், எது வழக்கம் என்று பிரித்து, வழக்கத்தைத் தொடாதே என்பது அது. மலருக்கும் மேளத்துக்கும் இடம் தரும் இப்பெருந்தன்மை, அதே மூச்சில் தனி இருக்கைக்கும் இடம் தந்துவிடுகிறது. ஹாட்நெட்டில் புதிய பாட்டை வழிபாட்டு ஒழுங்கின் வரம்புக்குள் அமர்த்தி ஏற்கச் செய்ய முயன்ற அதே மனம், சிதம்பரத்தில் சமூக ஒழுங்கின் வரம்பையும் குலைக்கத் தயங்கியது என்று கொள்வது பொருந்தும். மிசனரிப் பாடலில் கீழ்த்திசை மனிதனை ஒட்டுமொத்தமாக இழித்தவர், நேரில் கண்டபின் அம்மனிதனின் வழக்கங்களை மதிக்கக் கற்றார். ஆனால் எந்த மனிதனின் வழக்கங்கள்? கேள்விக்கு விடை சொன்னவர்கள் கற்ற உபதேசியர்களும் குருமாரும். தனி இருக்கையில் ஒதுக்கப்பட்டு அமர்ந்தவர்களிடம் கடிதம் போகவில்லை.

இன்றைய வழிபாட்டு நூல்களில் பாமாலைகளும் கீர்த்தனைகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. பாமாலைப் பகுதியில் ஹீபரின் பாடல் ஐரோப்பிய மெட்டுக்காகக் குறிலை நீட்டியும் நெடிலைச் சுருக்கியும் பாடப்படுகிறது. சீர்பிரிப்பு இசைக்கு அடங்கிப்போகிறது. கீர்த்தனைப் பகுதியில் சாஸ்திரியாரின் பாடல் பல்லவி, அனுபல்லவி, சரணம் என இராகதாளத்தோடு நடக்கிறது. முன்னதை அயன்மையென்றும் பின்னதைத் தன்மையென்றும் வகுக்கும் திறனாய்வு யாப்பளவில் சரியே. ஆனால் சமூக வரலாற்றில் இவ்வெதிர்நிலை நிற்காது. அங்கு இருவரும் ஒரு பக்கத்திலும், அவர்களுடைய பாடல்களைச் சபையின் பின்வரிசையிலிருந்து பாடியவர்கள் மறுபக்கத்திலும் இருக்கிறார்கள். 1830களின் சபை ஆவணங்களை அப்பின்வரிசையிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.