பொறி எழாதபோது பாடநூல் எங்கே?

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி வீட்டில் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 2018-இல் புதிய பாடத்திட்டத்துக்காக உருவாக்கிய நூல் அது. கணிப்பொறிக்குள் நடப்பதைத் தமிழ்வழிப் பிள்ளைக்குத் தமிழிலேயே சொல்ல முன்வந்த நூல். வின்டோசுக்கு அடுத்த இருக்கையில் உபுண்டுவையும் உட்கார வைத்த நூல். அதற்காக முதலில் பாராட்டிவிடுவோம். ஏனெனில் இக்கட்டுரையின் மீதி முழுவதும் குறைதான்.

பொறி தொடங்கும் விதத்தை அந்நூல் எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். மின்சாரம் வந்ததும் பொறி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது, பயாஸ் தன் வேலையைச் செய்கிறது, இயக்க அமைப்பு நினைவகத்துக்கு வருகிறது, தொடக்கம் இருவகைப்படும். இவ்வளவோடு பாடம் நகர்ந்துவிடுகிறது. எந்தப் படியில் முறிந்தால் திரையில் என்ன தெரியும் என்ற கேள்வி எழவே இல்லை. கோப்பு முறைமையும் அப்படித்தான். ஃபேட் பற்றிச் சில வரிகள், பிறகு என்.டி.எஃப்.எஸ்., லினக்சின் எக்ஸ்ட்2 என்று வெறும் பெயர்கள். எக்ஸ்ட்2 வந்தது 1993-இல். 2001-இல் லினக்சின் கருவில் எக்ஸ்ட்3 சேர்ந்தது. 2008-இல் எக்ஸ்ட்4 நிலைபெற்றது. நூல் பழைய பெயரில் நிற்பதுகூடப் பெரிதன்று. இடையில் நடந்த ஒரே ஒரு மாற்றத்தை மாணவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதுவன்றோ விடுபட்டுப்போயிற்று!

அது என்ன? மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். விடியற்காலைச் சந்தடியில் மூட்டை எடை போட்டதும் கணக்கர் பேரேட்டைத் திறந்துகொண்டு உட்கார முடியுமா? கைச்சிட்டையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறார். ஓய்ந்த பிறகு பேரேட்டில் ஏற்றுகிறார். பாதி ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் சிட்டை கையில் இருக்கிறது. எக்ஸ்ட்3 லினக்சுக்குக் கொடுத்தது இந்தச் சிட்டையைத்தான். எக்ஸ்ட்2-இல் அது கிடையாது. மின்சாரம் போனால் பேரேடு முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து ஒத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். வழக்கமான அமைப்பில் சிட்டையில் ஏறுவது எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் உள்ளது என்ற கணக்கு மட்டுமே. கோப்பின் உள்ளடக்கம் ஏறாது. கணக்கு பிழைத்துக்கொள்ளும், வாடிய பூவுக்குச் சிட்டை பொறுப்பன்று.

பள்ளிப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். மதுரையில் இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் பூங்காக்கள் எழுந்துவிட்டன. வேலைக்குப் போகும் பிள்ளை கையாளப்போகும் சேவையகங்களில் பெரும்பகுதி உண்மைப் பொறிகளே அல்ல. ஒரு பெரிய பொறிக்குள் பல மெய்நிகர் பொறிகள் குடியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை விருந்தாளி என்கிறார்கள். எனக்கென்னவோ ஒண்டுக்குடித்தனம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. விருந்தாளி நாலு நாளில் போய்விடுவார் அல்லவா? ஒவ்வொரு குடித்தனப் பொறியின் வட்டும் வீட்டுக்காரப் பொறியில் பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவே.

முன்பு என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் சிறிய நிறுவனம் ஒன்றின் இத்தகைய பொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு வீட்டுக்காரப் பொறி திடீரென நின்றது. காலையில் கணக்கு வைத்திருந்த குடித்தனப் பொறி எழவில்லை. அதன் வட்டை வேறொரு பொறியில் இணைத்தார். அது தானாகவே திறந்துகொண்டது. திறந்திருந்த வட்டின்மேலேயே எஃப்.எஸ்.சி.கே. என்னும் சீர்பார்க்கும் நிரலை ஓட்டி, அது எச்சரித்தும் கேளாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் ‘ஆம்’ என்று விடையளித்துவிட்டார். மூன்று மாதக் கணக்கு பெயரிழந்து சிதறிப்போயிற்று. பேரேட்டில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் திருத்தினால் வேறென்ன ஆகும்? முதலில் வட்டுக்கோப்பைப் பிரதி எடுத்து, திறக்காத பிரதியின்மேல், எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் சொல்லி நிரலை ஓட்டியிருக்க வேண்டும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பதினோராம் வகுப்பில் அவருக்குச் செய்முறை என்று கிடைத்தது சி பிளஸ் பிளஸ் மட்டுமே.

வட்டைக் கழற்றி இன்னொரு பொறியில் மாட்டும் முறை தவறானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் 85 இலட்சம் வின்டோஸ் பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழாத மெய்நிகர் பொறிகளுக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்களுள் ஒன்று இதுதான்: வட்டைக் கழற்றி, நலமான பொறியில் மாட்டி, 291 என்ற எண் தாங்கிய அந்தக் கோப்பை நீக்கி, மறுபடி சொந்தப் பொறியில் மாட்டுவது.

தொடக்கத்தின் படிகளை அறிந்தவருக்குத் திரையே நாடி. வட்டே இல்லை என்றால் பயாஸ் படியில் கோளாறு. கிரப் மீட்புக் குறி நின்றால் அடுத்த படி. கரு எழுந்து, வேர்க் கோப்பு முறைமை கிடைக்கவில்லை என்று பீதியடைந்தால், பொறி இடம் மாறியதில் வட்டின் பெயர் எஸ்.டி.ஏ. என்பதிலிருந்து வி.டி.ஏ. என மாறியிருக்கலாம், அல்லது அந்த வட்டுக்குரிய இயக்கி தொடக்கப் பொதியில் இல்லாதிருக்கலாம். அதனால்தான் பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணை எழுதச் சொல்கிறார்கள். இதையும் தாண்டி அவசர நிலையில் நின்றால் பெரும்பாலும் எஃப்ஸ்டேப் கோப்பில் ஒரு வரி தவறு. சில வேளை நோய் குடித்தனத்தில் இல்லவே இல்லை. வீட்டுக்காரப் பொறியின் வட்டு நிரம்பிவிட்டால் உள்ளே இருப்பது காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும். அங்கே போய்க் குடித்தனப் பொறியைச் சீர்பார்ப்பது, கிணறு வற்றியதற்குக் குழாயை மாற்றுவது போலாகும்.

இவ்வளவும் பாடநூலில் இடம்பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு செய்முறை போதும். 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் வந்த பொறிகளிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது, செலவும் இல்லை. நூறு மெகாபைட் அளவில் வெறுங்கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதற்குள் எக்ஸ்ட்4 அமையுங்கள். அதைத் திறந்து நாலைந்து கோப்புகளைப் போட்டு, மூடி, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு முதல் சில கிலோபைட்டுகளைச் சுழியத்தால் அழியுங்கள். இனி அது திறக்காது. இப்போது சீர்பார்க்கும் நிரலை ஓட்டினால், அழிந்துபோன தலைப்புக் கட்டத்துக்குப் பதிலாக உள்ளே வேறோர் இடத்தில் வைத்திருந்த நகலைத் தேடி எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கும். ஒவ்வொரு கேள்வியையும் படித்து விடை சொல்லுங்கள். பிறகு ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்னும் அடைவைத் திறந்து, பெயருக்குப் பதில் எண்ணைத் தாங்கி ஏதேனும் கிடக்கிறதா என்று பாருங்கள்.