மாமிக்கு மறுமொழி எங்கே?

சிலப்பதிகாரம் முழங்காத மேடை இல்லை. வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போது ஆசிரியர் குரலும் உயர்கிறது. மாணவர் விழியும் மலர்கிறது. ஆனால் அதே காப்பியத்தில் ஒரு மாமியாரும் மடிகிறாள். அந்த மரணத்தின் முன் சற்றே நின்றவர் எத்தனை பேர்?

கோவலனைப் பெற்றவளையே குறிப்பிடுகிறேன். மணமக்கள் இல்லறம் பயிலத் தனிமனையும் செல்வமும் தந்து வாழ்வித்தவள் அவள். மகனோ மாதவியின் மனை புகுந்தான். "கணவனைக் காக்கத் தெரியாதவள்" என்று மருமகள்மீது பழி சுமத்தினாளா? இல்லை! கொலைக்களக் காதையில் கண்ணகியே கோவலனிடம் கூறுகிறாள்: மாமனும் மாமியும் வந்தனர், முனிவை ஒதுக்கி, அருள்மொழி பேசித் தன்னைப் பாராட்டினர், தான் துயரை மறைத்துப் பூண்ட பொய்ம்முறுவலைக் கண்டு உள்ளம் நொந்தனர் என்று. பொய்ச் சிரிப்புக்குள் இருந்த மெய்த் துயரைக் கண்டறிந்தவளைத் தாய் என்னாமல் வேறென்னென்பது?

மகன் மதுரையில் வெட்டுண்ட செய்தி புகாரை அடைந்தது. மாசாத்துவான் பொருளை வழங்கித் துறவு பூண்டான். அவன் மனைவி துயர் தாளாது உயிர்விட்டாள். நீர்ப்படைக் காதையில் மாடலன் வாய்மொழியாக வரும் செய்தி இது. மாமனுக்குப் பெயருண்டு, மாமிக்கு அதுவும் இல்லை.

எனினும் வாழ்த்துக் காதையில் இளங்கோ உயர்ந்து நிற்கிறார். வஞ்சியில் கண்ணகியின் கோயிலில் தேவந்தி அரற்றுகிறாள். தாயின் சாவைக் கேட்டனையோ என வினவியவள், அடுத்த அடியிலேயே மாமியின் சாவையும் கேட்டனையோ என வினவுகிறாள். ஈன்றவளுக்கு ஓர் அடி. ஏற்றவளுக்கும் ஓர் அடி. துயரத்தின் துலாக்கோல் எப்பக்கமும் சாயவில்லை.

ஆனால் விடை? தெய்வமாய்த் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். தான் அவன் மகள் என்கிறாள். தோழியரை விளையாட அழைக்கிறாள். மாமிக்காக ஒரு சொல் இல்லை, ஒரு துளிக் கண்ணீர் இல்லை. பத்தினியைத் தெய்வமாக்கிய காப்பியம், அவளுக்குள் இருந்த மருமகளை மறந்துவிட்டது. வழிபட ஒரு சிலை கிடைத்தது. அழுவதற்கு இருந்த பெண் மறைந்தாள். குறை என்று நான் கருதுவது இதனையே.

இக்குறை ஏட்டோடு நின்றுவிடவில்லை, தோழர்களே! மாமியார் இறந்த வீட்டில் மருமகள் அழுதால் நடிப்பென்பர். அழாவிடில் நெஞ்சம் கல்லென்பர். மாமனாருக்காக மருமகன் கலங்கினால் "பெற்ற தகப்பனா போய்விட்டான்?" என்று நகைப்பர். கோடித்துணி யார் போடுவது, கொள்ளி யார் வைப்பது என்று முறை பேசும் ஊர், இறந்தவரிடம் அன்பு கொண்டிருந்தவர் யார் என்று கேட்பதே இல்லை.

மணத்தால் வந்த உறவு, பழகிய அன்பால் தாயுறவாகும். அந்த இழப்பும் தாயின் இழப்பே. கண்ணீருக்குக் குருதிச் சான்று எதற்கு? தேவந்தி கேட்ட கேள்வி வஞ்சியின் கோயிலில் விடையின்றி நிற்கிறது. கல்லாகிவிட்டவள் பேசவில்லை. மனிதராய் வாழும் நாமாவது பேசுவோம்.